மரியாதைக் கட்டில்

பெய்ஷெனாலியின் இடது காலைக் கெடுத்தது மரியாதைதான். வேறு எந்த நோயும் அவரை எழுபத்துநாலு வருஷத்தில் அண்டியதில்லை.

ஜனவரியில், உறவுக்காரர் ஒருவர் இறந்து ஓராண்டு நிறைந்த விருந்து. வீட்டுக் கதவுக்கு நேர் எதிரே, உள்கோடியில் பெரியவர்கள் உட்காரும் இடத்துக்கு தோர் என்று பெயர். தோரில் ஒரு பக்கம் பெய்ஷெனாலி, மறுபக்கம் சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர். இருவருக்கும் ஒரே வயது, ஆகவே ஒருவரை ஒருவர் ஆகாது. சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். காலை நீட்டினால் சாப்பாட்டு விரிப்பை அவமதித்ததாகும். முதலில் எழுந்தால் முடியவில்லை என்று ஒத்துக்கொண்டதாகும். ஏழு மணி நேரம் இருவரும் அசையவில்லை. அவர்கள் எழாமல் மற்றவர்கள் எழ முடியாது, அதனால் நாற்பது பேர் ஆறிய தேநீரைக் குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். கடைசியில் சம்பந்தி வீட்டுப் பெரியவருக்கு மூத்திரம் முட்டி எழுந்துவிட்டார். பெய்ஷெனாலி ஜெயித்தார். ஜெயித்தவர் எழுந்து நின்றபோது இடது பாதம் அவரோடு வரவில்லை.

முட்டிக்குக் கீழே வெளிப்பக்கமாக ஓடும் நரம்பு ஏழு மணி நேரம் நசுங்கிக் கிடந்திருக்கிறது. அன்றிலிருந்து பாதம் தொங்கிப்போனது. நடந்தால் தரையில் பட்டென்று அடிக்கும். வீட்டுக்குள் அவர் எங்கே இருக்கிறார் என்று பேரப்பிள்ளைகள் பார்க்காமலேயே சொன்னார்கள். அது கூடப் பரவாயில்லை. குதிரையில் இடது பக்கமிருந்துதான் ஏற வேண்டும், இடது பாதம்தான் சேணத்தில் தொங்கும் அங்கவடிக்குள் நுழைய வேண்டும். பாதத்தின் முனை மேலே தூக்கவில்லை என்றால் அது நுழையாது. மகன்கள் இருவரும் ஒரு நாள் அவரை இடுப்பைப் பிடித்துத் தூக்கிக் குதிரைமேல் வைத்தார்கள். அவர் மறுபக்கம் இறங்கி, மூன்று நாள் அவர்களோடு பேசவில்லை.

மகன்கள் முடிவு செய்துவிட்டார்கள். மே மாதம் ஆடு குதிரைகளோடு மலைமேல் கோடை மேய்ச்சலுக்குப் போகும்போது அப்பாவை அழைத்துப்போக முடியாது. நகரத்தில் மகள் வீட்டில் விட்டுவிடலாம். அவருடைய செம்மண் நிறக் குதிரையை யாருக்காவது கொடுத்துவிடலாம். மாகாண நரம்பு டாக்டர் மட்டும் ஒரு வழி வைத்தார்: பதினைந்து நாள் கரண்ட் வைத்துப் பார்க்கலாம், மார்ச் முடிவதற்குள் பாதம் தானாகத் தூக்கவில்லை என்றால் ஆயுள் முழுக்க பூட்ஸுக்குள் இரும்புத் தகடுதான்.

அப்படித்தான் பிப்ரவரியில் அவர் அனாராவின் அறைக்கு வந்து சேர்ந்தார்.

அனாரா அந்தச் சிறு நகரத்து மருத்துவமனையில் பதினாறு வருஷமாக மின்சிகிச்சை நர்ஸ். அவளுடைய அறை நீளமாக, ரயில் பெட்டி மாதிரி இருக்கும். தாழ்வாரத்துப் பக்கம் கதவு. அங்கிருந்து உள்ளே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று திரை போட்ட கட்டில்கள். உள்கோடியில் கரி முற்றத்துக்குப் போகும் இன்னொரு கதவு. குளிருக்காக அதை ஆணி அடித்து, கம்பளம் வைத்து மூடியிருந்தார்கள். நல்ல மின் பெட்டி முதல் கட்டில் அருகில், கதவை ஒட்டி இருந்தது. அறையில் சரியான எர்த் கம்பி அங்கே மட்டும்தான். மாகாணத்துக்காரர்கள் வந்து மாட்டி, ஈய முத்திரை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நான்காம் கட்டிலில் இருந்தது அனாராவைவிட மூத்த பழைய பெட்டி.

பெய்ஷெனாலி முதல் நாள் உள்ளே வந்தார். முதல் கட்டிலைப் பார்த்தார். மற்றவற்றைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் பட் பட் என்று நடந்து நான்காம் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டார்.

"ஐயா, உங்களுக்கு முதல் கட்டில் போட்டிருக்கேன்" என்றாள் அனாரா.

"வாசல்ல படுக்க நான் என்ன மாப்பிள்ளையா?"

அந்த ஊர் வழக்கத்தில் மாப்பிள்ளைக்கு இடம் வாசலோரம்தான். முதல் கட்டிலில் தன் முறை முடிந்து இன்னும் எழாமல் படுத்திருந்தவனும் அவருடைய மாப்பிள்ளைதான். மெதெத், மினிபஸ் ஓட்டுகிறவன், முப்பது வயது. ஜன்னலைத் திறந்துவைத்துக் கணவாயில் ஓட்டியதில் அவன் முகத்தின் வலது பக்கம் செயலற்றுப்போயிருந்தது. வாய் எப்போதும் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு, யாரையோ பார்த்து இளிப்பது போல இருக்கும். மாமனாரைப் பார்த்ததும் அவன் பதறி எழுந்து உட்கார்ந்தான். வாய் மட்டும் இளித்தது.

"பாத்தியா மகளே, என் கால் போச்சுன்னதும் இவனுக்குச் சிரிப்பு."

"சிரிக்கலை மாமா, நரம்பு."

"எனக்கும் நரம்புதான். நான் சிரிக்கிறேனா?"

இரண்டாம் கட்டிலில் தோள்வலிக்காக வரும் தாஷ்தெமிர் இருந்தார். எழுபத்தொரு வயது, ஓய்வுபெற்ற நில அளவையாளர். கேட்காததற்கும் பதில் சொல்வார். திரைக்குப் பின்னாலிருந்து அவர் ஒரு கனைப்புக் கனைத்தார். விஷயம் முடிந்துவிட்டது. மூத்தவர் நான்கில்தான் படுப்பார்.

அனாரா அவருடைய கால்சட்டையை முட்டிவரை சுருட்டி, கெண்டைக்கு முன்பக்கம் ஈரத்துணி வைத்து, அதன்மேல் ஈயப் பட்டையை வைத்து, ரப்பர் வாரால் கட்டினாள். பழைய பெட்டியின் விளக்கு எரிந்தது. உறுமியது. முள் அசைந்தது. குமிழை மெல்லத் திருப்பினாள்.

"ஏதாவது தெரியுதா ஐயா?"

மூன்று திரைகளுக்குப் பின்னாலும் எல்லோரும் காது கொடுத்தார்கள்.

"தெரியுது. நல்லாத் தெரியுது" என்றார் பெய்ஷெனாலி.

ஆண்கள் அறையில் அடுத்து என்ன நடக்கும் என்று அனாராவுக்குத் தெரியும். மூன்றாம் நாளே தாஷ்தெமிர் கேட்டுவிட்டார்.

"பெய்ஷெனாலி அண்ணே, உங்களுக்கு முள்ளு எத்தனையில நிக்குது?"

"பன்னெண்டு. உனக்கு?"

"எட்டு."

"தோளுக்கு எட்டு போதும்" என்றார் பெய்ஷெனாலி பெருந்தன்மையாக.

ஆறாம் நாள் அவருக்கு இருபது ஆனது. மெதெத்துக்கு வெறும் மூன்று. மூன்றிலேயே அவன் கன்னம் துடித்தது, மூடாதிருந்த கண் இமை பாதி இறங்கத் தொடங்கியது. இருபதிலும் பெய்ஷெனாலியின் பாதம் செத்த மீன் மாதிரி கிடந்தது. "தெரியுதா ஐயா?" "ஊசி ஊசியா ஏறுது, பிரமாதம்." இருபதில் ஒரு காளைமாடு எழுந்து நடந்திருக்கும். அனாராவுக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பாதத்தின் மேல்தோல் மரத்திருக்கிறது, அதனால்தான் தாங்குகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் செவ்வாய்க்கிழமை, எல்லோரும் போன பிறகு அவள் பழைய பெட்டியின் பட்டைகளைத் தன் முன்கையில் கட்டிக்கொண்டாள். ஐந்து வைத்தாள். பத்து, இருபது. குமிழைக் கடைசிவரை திருப்பினாள். விளக்கு எரிந்தது, பெட்டி உறுமியது, முள் கம்பீரமாக நின்றது. கையில் ஈரத்துணியின் குளிர்ச்சி தவிர ஒன்றுமில்லை.

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது நாள். பதினைந்தில் ஒன்பது நாள் அந்த மனுஷன் ஈரத்துணி வைத்துக்கொண்டு உறுமலைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். முதல் நாளே தன் கையில் வைத்துப் பார்த்திருக்க வேண்டியது அவள் வேலை. தன்மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

பெட்டி கெட்டுவிட்டது என்று சொல்லிவிட்டால் போகிறது என்று யாரும் நினைக்கலாம். சொல்லலாம்தான். சொன்ன நிமிஷமே, "அப்ப ஒம்போது நாளா ஊசி ஊசியா ஏறுச்சுன்னீங்களே அண்ணே" என்று இரண்டாம் கட்டிலிலிருந்து ஒரு குரல் வரும். அதற்குப் பிறகு பெய்ஷெனாலி அந்த அறைக்கு மட்டுமல்ல, அந்தத் தெருவுக்கே வரமாட்டார். இரும்புத் தகட்டோடு செத்துப்போவார். நல்ல பெட்டியை நகர்த்தலாம் என்றால் ஈய முத்திரை. மாகாணத்துக்கு எழுதிப் பதில் வர மூன்று மாதம்.

புதன்கிழமை மறுபடி கேட்டுப் பார்த்தாள்.

"ஐயா, இன்னிக்கு ஒரு நாள் முதல் கட்டில்ல படுங்களேன். அங்க வெளிச்சம் நல்லாருக்கு."

"நான் என்ன தையல் வேலையா பண்றேன்?"

பழைய பெட்டி உறுமியது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "தெரியுதா?" என்று அவள் கேட்கவில்லை. அவரே "நல்லாத் தெரியுது" என்றார்.

அன்று மெதெத்தைத் தாழ்வாரத்தில் நிறுத்தி விஷயத்தைச் சொன்னாள். அவன் முகத்தின் இடது பாதி வெளிறியது.

"அக்கா, கால் சரியாகலைன்னா அவர் எங்க இருப்பார் தெரியுமா?"

"மகள் வீட்டுல."

"அது என் வீடு. ரெண்டே ரூம். இப்ப ஞாயித்துக்கிழமைதான் வராரு. வந்தா நான் வாசல்ல செருப்புகிட்ட உக்காந்து சாப்பிடறேன். வருஷம் முழுக்க இருந்தா நான் மாடிப்படியிலதான் சாப்பிடணும்."

"அப்ப யோசி."

"என்ன யோசிக்கறது? தோரை வாசலுக்குக் கொண்டுவர முடியுமா?"

அனாரா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்த் தாஷ்தெமிரின் தோளில் பட்டையைக் கழற்றிக்கொண்டே, ஏதோ வீட்டு விஷயம் போலக் கேட்டாள்.

"ஐயா, நீங்க நிலம் அளந்தவர். ஒரு வீட்டுக்கு ரெண்டு கதவு இருந்தா தோர் எந்தப் பக்கம்?"

தாஷ்தெமிர் நாற்பது வருஷமாக யாராவது இதைக் கேட்பார்கள் என்று காத்திருந்தவர். எழுந்து உட்கார்ந்தார்.

"எந்தக் கதவு பொழங்குதோ அதுக்கு நேர் எதிர்ப்பக்கம். மூடின கதவு கதவே இல்ல, சுவர். இதுல சந்தேகமே கிடையாது."

நான்காம் கட்டில் பக்கமிருந்து ஒரு ஆமோதிப்புக் கேட்டது. பெய்ஷெனாலியும் அப்படித்தான் என்றார்.

வியாழக்கிழமை விடிந்ததும் மெதெத் சுத்தியலோடு வந்தான். கரி முற்றத்துக் கதவின் கம்பளத்தைக் கிழித்து, ஆணிகளைப் பிடுங்கினான். அதே ஆணிகளைத் தாழ்வாரத்துக் கதவில் அடித்தான். பன்னிரண்டு ஆணி. அனாரா ஒரு தாளில் 'பழுது. நோயாளிகள் முற்றம் வழியாக வரவும்' என்று எழுதி ஒட்டினாள். தலைமை டாக்டரம்மா வந்து தாளைப் படித்தார்.

"என்ன பழுது?"

"கதவு தப்பான பக்கம் இருக்குது டாக்டர்."

டாக்டரம்மாவும் அந்த ஊர்க்காரர்தான். கொஞ்ச நேரம் அனாராவைப் பார்த்தார். "கரியை மிதிச்சுட்டு என் தாழ்வாரத்துல யாரும் நடக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வெளியே மைனஸ் இருபது. மருத்துவமனையைச் சுற்றி, கரிக் குவியலைத் தாண்டி, முட்டி வரை பனியில் நோயாளிகள் வந்தார்கள். தாஷ்தெமிர் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே வந்தார். கடைசியாகப் பட், பட் என்று சத்தம் கேட்டது. பெய்ஷெனாலி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து நின்றார். மீசையில் பனி.

அவர் தினம் படுக்கும் கட்டில் இப்போது கதவை ஒட்டி இருந்தது. அதில் மெதெத் படுத்திருந்தான். மாமனாரைப் பார்த்து எழுந்தான்.

"வாங்க மாமா. படுக்கிறீங்களா இங்க?"

பெய்ஷெனாலி அவனைப் பார்த்தார். ஆணி அடித்த கதவைப் பார்த்தார், அது இப்போது சுவர். அதன் அருகில் காலியாக இருந்த முதல் கட்டிலைப் பார்த்தார். அனாரா பட்டைகளை நனைப்பது போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வாசல்ல படுக்க நான் என்ன மாப்பிள்ளையா?" என்று சொல்லிவிட்டு, பட் பட் என்று மூன்று கட்டில்களையும் தாண்டிப்போய், முதல் கட்டிலில் படுத்தார்.

அனாரா பட்டையைக் கட்டினாள்.

"வழக்கம்போல இருபது வை" என்றார் சத்தமாக.

"இந்தப் பெட்டி வேற கணக்கு ஐயா. இதுல நாலுதான் அதுல இருபது."

குமிழை நாலுக்குத் திருப்பினாள். ஒன்றுமில்லை. ஐந்து. ஒன்றுமில்லை. ஒரு மாதமாகச் சும்மா கிடந்த தசை, உண்மையிலேயே செத்துவிட்டதோ என்று அவளுக்குப் பயம் வந்தது. ஆறு. கெண்டைக்கு முன்னால் ஒரு துடிப்பு ஓடியது. ஏழில், பெய்ஷெனாலியின் இடது பாதம், யாரும் தொடாமல், மெல்ல மேலே தூக்கியது. நின்றது. இறங்கியது. மறுபடி தூக்கியது.

"தெரியுதா ஐயா?"

பத்து நாளாக "நல்லாத் தெரியுது" என்றவர் இப்போது வாயை இறுக்கிக்கொண்டு பாதத்தையே பார்த்தார். பிறகு மிக மெதுவாகச் சொன்னார்.

"திரையை இழுத்து மூடு."

மூடினாள்.

"அது நான் தூக்கினதா?"

"இல்ல ஐயா, கரண்ட்டு. ஆனா கால் கேட்டுச்சு பாருங்க. கேக்குற கால் கத்துக்கும்."

அவருடைய கண்ணோரத்திலிருந்து நீர் இறங்கி நரைத்த கிருதாவுக்குள் போயிற்று. துடைக்கவில்லை. துடைத்தால் அழுதது தெரிந்துவிடும்.

"மகளே" என்றார். திரைக்கு வெளியே கேட்காத குரல். "பத்து நாளா எனக்கு ஒண்ணுமே தெரியல. முதல் நாளும் தெரியல. நேத்தும் தெரியல. கால் செத்துப்போச்சு, வாயைத் திறந்து சொன்னா அது நிஜமாயிடும்னு இருந்தேன். வீட்டுல தனியா உக்காந்து இதைக் கிள்ளிக் கிள்ளிப் பாத்தேன்."

அனாரா ஆறுதல் சொல்லத் தெரிந்தவள் இல்லை.

"செத்தது கால் இல்ல ஐயா, பெட்டி. எனக்கே செவ்வாய்க்கிழமைதான் தெரியும். தப்பு என்னோடது."

பாதம் தூக்கி இறங்குவதை அவர் மூன்று தடவை எண்ணினார்.

"அதுக்காகவா எங்க எல்லாரையும் கரியில நடக்க விட்டே?"

"ஆமா."

"தாஷ்தெமிருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அந்த இளிச்சவாய்க்கு?"

"ஆணி அடிச்சது அவன்தான்."

பெய்ஷெனாலி யோசித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, திரைக்கு வெளியே அறை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"தாஷ்தெமிர்! இன்னிக்கு எனக்கு இருபத்தஞ்சு!"

"அடேயப்பா" என்றது இரண்டாம் கட்டில்.

பதினைந்து நாள் முப்பது நாளாயிற்று. டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார், எதற்கு என்று கேட்கவில்லை. மெதெத்தின் கன்னத்துக்கு அனாரா, மற்றவர்கள் போன பிறகு, அதே நல்ல பெட்டியில் மூன்று வைத்தாள். பகலில் அவன் வாசல் கட்டிலில் படுத்துச் செத்த பெட்டியின் உறுமலைக் கேட்டுக்கொண்டிருப்பான். மார்ச் இருபத்தெட்டாம் தேதி அனாரா குமிழைத் திருப்ப மறந்துவிட்டாள். பெட்டியின் விளக்குகூட எரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது பாதம் தூக்கி இருந்தது, நடுங்கிக்கொண்டு, ஆனால் தூக்கி.

"இது கரண்ட்டு இல்லியே?" என்றார்.

"இல்ல ஐயா."

"அப்ப நான்தான்."

மே மாதம் மலைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மெதெத்தின் இரண்டு ரூம் வீட்டில் விருந்து. அனாராவையும் கூப்பிட்டார்கள். தோரில் பெய்ஷெனாலி. அவருக்குப் பக்கத்தில், அழைத்தால் வராமல் இருக்க முடியாத அதே சம்பந்தி வீட்டுப் பெரியவர். இருவரும் சம்மணம் போட்டார்கள். மெதெத் வாசலில் செருப்புகளோடு உட்கார்ந்து எல்லோருக்கும் தேநீர் ஊற்றினான். கூட்டமே பெருமூச்சு விட்டு நீண்ட சாயங்காலத்துக்குத் தயாரானது. கால் மணி நேரம் ஆயிருக்கும். பெய்ஷெனாலி இடது காலை அவிழ்த்து, எல்லோரும் பார்க்க, விரிப்பை ஒட்டி நேராக நீட்டினார். பாதத்தை ஒரு தடவை தூக்கிக் காட்டினார்.

"டாக்டர் உத்தரவு" என்றார்.

சம்பந்தி வீட்டுப் பெரியவர் அந்தக் காலையே வெறித்தார். அப்புறம், நான்கு மாதம் யோசித்து முடிவெடுத்தவர் மாதிரி, "எனக்கும் டாக்டர் சொல்லியிருக்கார்" என்று முனகிக்கொண்டு தன் இரண்டு காலையும் நீட்டினார். ஆறு மணிக்கெல்லாம் விருந்து முடிந்து எல்லோரும் வெளிச்சத்திலேயே வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

மறுநாள் காலை கரி முற்றத்தில் குளம்புச் சத்தம். அனாரா கதவைத் திறந்தாள். செம்மண் நிறக் குதிரையைப் பெய்ஷெனாலி கடிவாளத்தைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்திருந்தார். இரண்டு மகன்களும் பின்னால். மெதெத் மினிபஸ்ஸை நிறுத்திவிட்டு ஓடி வந்தான்.

"தள்ளிப் போங்க" என்றார் மகன்களிடம்.

சேணத்தைப் பிடித்தார். இடது காலைத் தூக்கினார். பூட்ஸின் முனை அங்கவடியின் இரும்பில் இடித்து நழுவியது. மகன்களில் ஒருவன் ஓரடி முன்னால் வந்தான். அனாரா அவன் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவர் யாரையும் பார்க்கவில்லை. பாதத்தைப் பார்த்து, முதல் கட்டிலில் பார்த்தது போலவே பார்த்து, காத்திருந்தார். முனை மெல்ல மேலே எழுந்தது. நுழைந்தது. அடுத்த நொடி அவர் குதிரைமேல் இருந்தார்.

மெதெத் முகம் முழுக்கச் சிரித்தான், இரண்டு பக்கமும்.

"பாதியா இருந்தப்பவே நல்லா இருந்துது" என்றார் மாமனார். பிறகு அனாராவின் பக்கம் குனிந்தார். "அந்தக் கதவைத் திறந்துவிடு மகளே. கரியில நடந்து நடந்து தாஷ்தெமிர் பூட்ஸ் வீணாப் போச்சு."

"திறந்தா முதல் கட்டில் வாசலாயிடுமே ஐயா. அடுத்து வர்ற பெரியவர் படுக்கமாட்டார்."

"படுப்பார். பெய்ஷெனாலி படுத்த கட்டில்னு சொல்லு."

அவர் போன பிறகு மெதெத் ஆணிகளைப் பிடுங்கினான். பதினொன்று வந்தது. பன்னிரண்டாவது கதவை விட்டு வந்தும் நிலைச்சட்டத்தை விட்டு வரவில்லை, தலையை மட்டும் அடித்து மழுக்கி விட்டுவிட்டான்.